மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் தேடிவரும் காப்பிக்கடை

கன்னியாகுமரிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களில் பலர் ஒரு நாள் விருந்தாளிகள். விடியலில் சூரிய உதயம், படகேறி விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, இரண்டுக்கும் நடுவே புதிதாக வந்த கண்ணாடிப் பாலம், அன்றைக்கே ரயில். இவர்களை நம்பிக் காப்பிக்கடை போட வேண்டாம். வர்மமும் அடிமுறைச் சண்டைக் கலையும் படிக்க வருகிறவர்கள், சித்த வைத்தியத்துக்கு வந்து இரண்டு மாதம் பத்தியம் இருக்கிறவர்கள், யோகா பயில்கிறவர்கள், மடிக்கணினியில் வேலையை முடித்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வாடகை வீடு எடுத்தவர்கள் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான். ஆனால் தினமும் வருவார்கள், அதே நாற்காலியில் உட்காருவார்கள், நேற்றுக் குடித்த அதே ருசியை இன்றும் எதிர்பார்ப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கான சின்னக் கடையைப் பற்றியது. நாலு மேசை, பன்னிரண்டு நாற்காலி, வேலைக்கு இரண்டு பேர், அவ்வளவுதான் அளவு.

இப்படி ஒரு கடை போட நினைக்கிறவர்கள் முதலில் விலை விசாரிப்பது எஸ்பிரெசோ இயந்திரத்துக்கு. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் பணம் தண்ணீருக்குப் போக வேண்டும்.

மலைத்தண்ணீர் குழாயில் வருகிற இடமும் கடற்கரையோர ஆழ்குழாய்க் கிணறும் ஒன்றல்ல. கரையோரக் கிணற்றில் உப்பு ஏறியிருக்கும், கோடையில் இன்னும் ஏறும். குடிநீரில் கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குடிக்க அது போதும், காப்பிக்கு அது அதிகம். காப்பிக்கு 75 முதல் 250 வரை நல்லது, 150ஐ ஒட்டி இருந்தால் அருமை. அதற்கு மேலே போனால் காப்பியின் புளிப்பும் மணமும் அமுங்கி, சுண்ணாம்பு கலந்த மாதிரி மந்தமான ருசி வரும். அதற்காக ஆர்ஓ போட்டு 20, 30க்கு இறக்கிவிட்டால் அதுவும் தப்பு. உப்பே இல்லாத தண்ணீர் பொடியிலிருந்து சாரத்தைச் சரியாக இழுக்காது, காப்பி சப்பென்று இருக்கும். இயந்திரம் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பல இயந்திரங்களில் பாய்லரின் தண்ணீர் மட்டத்தை ஒரு கம்பி மின்கடத்தலை வைத்துத்தான் அறிகிறது. ரொம்பச் சுத்தமான தண்ணீரில் மின்சாரம் கடத்தாது. பாய்லர் நிறைந்த பிறகும் காலி என்றே அது நினைத்துத் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஆர்ஓவில் உள்ள டிடிஎஸ் திருகைத் திறந்து, வடிகட்டிய தண்ணீரோடு கொஞ்சம் மூலத்தண்ணீரைக் கலந்து, 120 - 150க்கு வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தண்ணீரே உப்புக் கரிக்கிறது என்றால் அதைக் கலக்காதீர்கள். குளோரைடு எவர்சில்வரையும் அரிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நல்ல குழாய்த் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடித்து வைத்துக் கலப்பதுதான் வழி. டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். திங்கள்கிழமை காலையில் ஒருமுறை அளந்து, சுவரில் தொங்கும் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். மூன்று வாரத்தில் எண் மளமளவென்று ஏறினால் ஆர்ஓவில் வடிகட்டுகிற சவ்வான மெம்பிரேன் போகிறது என்று அர்த்தம்.

இனி காப்பி. எஸ்பிரெசோ இயந்திரம் வேண்டாம் என்று சொல்லக் காரணம் கரண்டும் கடல்காற்றும். கடைக்கான இயந்திரம் சுமார் மூன்று கிலோவாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரால் அதைத் தாங்க முடியாது. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தில் கரண்டு கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட வேளையில் கேஸ் அடுப்பும் பில்டரும் இருக்கிற கடை திறந்திருக்கும். புயலே வேண்டாம், சாதாரண மழைக்காலத்தில் சாயங்காலம் அரைமணி நேரம் கரண்டு போனாலே பாய்லர் ஆறி, மறுபடி சூடேற அரைமணி ஆகும். மேசையில் உட்கார்ந்திருக்கிறவர் அதற்குள் பொறுமை இழந்திருப்பார்.

இரண்டே இரண்டு முறைகளை ஒழுங்காகச் செய்தால் போதும். நம்ம ஊர் பில்டர் ஒன்று, பொடியை ஊறவைத்து வலையால் அழுத்தி வடிக்கிற பிரெஞ்சு பிரெஸ் ஒன்று.

பில்டரில் 40 கிராம் பொடிக்கு 250 மில்லி தண்ணீர். கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆன தண்ணீர். பொடியே தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும், அதாவது 80 மில்லி போய்விடும். கீழே இறங்குவது 170 மில்லி டிக்காக்‌ஷன், அது நாலு கப்புக்கு வரும். ஒரு பால் காப்பிக்கு 40 மில்லி டிக்காக்‌ஷனும் 100 மில்லி பாலும். கறுப்பாகக் கேட்டால் 50 மில்லிக்கு 120 மில்லி சுடுதண்ணீர். தராசில் அளந்து போடுங்கள். கைக்கணக்கு ஒரே ஆள் போடுகிற வரைக்கும்தான் செல்லும், அவர் லீவு போட்ட அன்றைக்குக் காப்பியின் முகமே மாறிவிடும்.

சிக்கரி விஷயத்தில் ஒளிவு மறைவு கூடாது. சிக்கரி கலந்த பொடியில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மீதி முழுக்கச் சிக்கரியாக இருந்தாலும் அது சட்டப்படி சரிதான். பாலோடு குடிக்கிற நமக்கு 80க்கு 20 பழக்கம். கறுப்பாகக் குடிக்கிறவர் நாக்குக்கு அந்த இருபதே கருகலும் கசப்புமாகத் தெரியும். அதனால் கறுப்புக் காப்பிக்குச் சிக்கரி இல்லாத பொடியைத் தனி டப்பாவில் வையுங்கள். அங்கே ஒரு சிக்கல் வரும். சிக்கரி ஊறி உப்பித் தண்ணீரைப் பிடித்து வைக்கும், மெதுவாக இறங்கும். வெறும் காப்பிப்பொடியில் தண்ணீர் கடகடவென்று இறங்கி டிக்காக்‌ஷன் நீர்த்துப்போகும். பொடியை ஒரு படி நைசாக அரைத்தால் சரியாகும். இறங்கவே இல்லை என்றால் அழுத்தித் தட்டியிருப்பீர்கள், இல்லையென்றால் துளைகளில் எண்ணெயும் தூளும் அடைத்திருக்கும். மேல் குவளையைத் தனியாக எடுத்து அடுப்புத் தீயில் காட்டுங்கள். அடைப்புக் கருகி உதிரும், பிறகு பிரஷ் போட்டுத் தேய்த்தால் வெளிச்சம் துளை வழியே நேராகத் தெரியும். மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். காலை ஐந்தரைக்கு இறக்கிய டிக்காக்‌ஷனைப் பத்து மணிக்கு மேல் கறுப்புக் காப்பிக்கு எடுக்காதீர்கள், புளிப்பு ஏறியிருக்கும். இரண்டாம் டிக்காக்‌ஷன் இந்தக் கடையில் கிடையாது என்று முடிவெடுத்துவிடுங்கள்.

பிரெஞ்சு பிரெஸ்ஸுக்கு 300 மில்லிக்கு 18 கிராம், ரவை மாதிரிக் கொரகொரப்பாக அரைத்தது, நாலு நிமிடம். அழுத்தியதும் கப்பில் ஊற்றிவிட வேண்டும், அதிலேயே விட்டால் கசக்கும். மேசைக்கு அப்படியே கொண்டுபோய் வைத்தால், பேச்சு சுவாரசியத்தில் பத்து நிமிடம் கழித்துத்தான் அழுத்துவார்கள். பிறகு காப்பி சரியில்லை என்பார்கள். ஒரு மணல் கடிகாரத்தையும் கூடவே வைத்தால் தீர்ந்தது.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. டீக்கடைப் பால் காலையிலிருந்து அடுப்பில் கிடந்து சுண்டிக்கொண்டே இருக்கும். சாயாவுக்கு அது ருசி. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் காய்ந்த மணம் பிடிபட நாளாகும். பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தப்பட்டது. குளிர் விட்டுப்போகாமல் 4 டிகிரியில் வைத்திருந்தால், குடிக்கிற நேரத்தில் 60 - 65 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும். 70 தாண்டினால் பாலின் இயல்பான இனிப்புப் போய்க் காய்ச்சிய வாடை வந்துவிடும். நுரை வேண்டுமென்றால் ஆவின் நீலப் பாக்கெட்டே நன்றாக வரும், அதில் கொழுப்பு 3 சதவீதம். ஒருமுறை காய்ச்சி ஆறவைத்து ஆடை படிந்த பால் சரியாக நுரைக்காது. வீட்டுப் பசும்பால் வாங்குகிறவர்கள் இந்த 65 டிகிரிக் கணக்கைப் பார்க்கவே கூடாது, அதைப் பொங்கக் காய்ச்சித்தான் ஆக வேண்டும்.

பால் வேண்டாம் என்பவர்களுக்கு ஓட்ஸ் பால் டப்பா வாங்கி அடுக்குவதைவிட, நம்ம தேங்காய் இருக்கிறது. ஒரு நடுத்தரத் தேங்காய்த் துருவலுக்கு 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்த முதல் பால். கொதிக்க விட்டால் திரிந்து எண்ணெய் பிரியும், ஆவி வந்ததும் இறக்குங்கள். ஒரு சிட்டிகை அரிசிமாவு கரைத்துவிட்டால் பிரியாமல் நிற்கும். காப்பியின் புளிப்பும் அதைத் திரிக்கும் என்பதால், இதற்குக் கறுக வறுத்த கொட்டைதான் ஒத்துப்போகும். தேங்காய்ப்பாலை முதலில் கப்பில் ஊற்றி, காப்பியை மெல்ல மெல்ல அதன்மேல் விடுங்கள். அன்றைக்குப் பிழிந்தது அன்றைக்கே தீர வேண்டும். பிரிஜ்ஜில் இருந்தாலும் மறுநாள் காலையில் அதன் மணம் மாறியிருக்கும்.

கருப்பட்டிக் காப்பிக்கு வருவோம். இந்தக் கடைக்கு அடையாளம் தரப்போவது அதுதான், அதிகம் கெட்டுப்போவதும் அதுதான். வந்த புதிதில் ஒருவர் குடித்துப் பார்த்து, அந்தப் புகை மணமும் லேசான உப்பும் பிடித்துவிட்டால் பிறகு சீனி பக்கம் போக மாட்டார். ஆனால் பாலில் கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் கொதிக்க விட்டால் பத்துக்கு நாலு தடவை பால் திரியும். கருப்பட்டி கலப்படம் என்று உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். காரணம் பல சமயம் வேறு. பனையில் கட்டுகிற கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது அக்கானி, அதாவது பதநீர், புளிக்காமல் இருக்கத்தான். சுண்ணாம்பு குறைந்தாலோ இறக்கியதைக் காய்ச்சத் தாமதித்தாலோ அக்கானி கொஞ்சம் புளித்துவிடும். அந்தப் புளிப்பு கருப்பட்டியிலும் தங்கும், கொதிக்கிற பாலில் விழுந்ததும் பாலைத் திரித்துவிடும். சுண்ணாம்பு கூடிப்போனால் பால் திரியாது, ஆனால் அடியில் வெள்ளை மண்டி நிற்கும்.

ஆகவே பாகாக்கி வைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ கருப்பட்டியை உடைத்து 150 மில்லி தண்ணீரில் போட்டு, கரைகிற வரைக்கும் மட்டும் சூடாக்கி இறக்குங்கள். கம்பிப்பதமெல்லாம் வேண்டாம். பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் மணலும் சுண்ணாம்பும் ஓலைத் துணுக்கும் அடியில் தங்கும். மேலாக மெல்லிய வேட்டித்துணியில் வடிகட்டி, கடைசி ஒரு விரல்கடையைப் பாத்திரத்திலேயே விட்டுக் கொட்டிவிடுங்கள். பிசினாறித்தனம் பார்த்து அதையும் வடித்தால், கப்பின் அடியில் நறநறவென்று கடிபடும். பாகு பிரிஜ்ஜில் ஐந்து நாள் தாங்கும். கப்பில் முதலில் 25 மில்லி பாகு, அதன்மேல் 40 மில்லி டிக்காக்‌ஷன், கடைசியாக 90 மில்லி சூடான பால். கலந்த பிறகு அடுப்பில் ஏற்றவே கூடாது. புதுச் சிப்பம் வந்ததும் ஒரு சின்ன டம்ளரில் 30 மில்லி சூடான பாலும் ஒரு ஸ்பூன் பாகும் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். ஓரத்தில் பொடிப்பொடியாகத் தெரிந்தால் அந்தச் சிப்பத்தைச் சுக்குக்காப்பிக்கு ஒதுக்கிவிடலாம், அதில் பால் கிடையாது. மழைக்காலத்தில் கருப்பட்டி வியர்த்துக் கசியும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள். அக்கானி காலம் முடிகிறபோதே வருஷத்துக்கான சரக்கை எடுத்து வைப்பது நல்லது, ஐப்பசியில் அலைய வேண்டாம்.

பால் விடாத கட்டஞ்சாயாவைக் காப்பி அளவுக்கு யாரும் கவனிப்பதில்லை. பாய்லரும் துணிப்பையும் பால் சாயாவுக்கானவை. அதற்குப் போடுகிற டஸ்ட் என்ற பொடித்தூளில் கட்டஞ்சாயா போட்டால் நாக்கில் ஒட்டுகிற கசப்புத்தான் மிஞ்சும். நீலகிரி இலைத்தூள் 200 மில்லிக்கு இரண்டரை கிராம், மூன்று நிமிடம், வடிகட்டு. நம்ம மலைக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, மாறாமலைப் பக்கம் விளைகிறது. இரண்டு கப்புக்கு ஒரே ஒரு கிராம்பு. அதில் எண்ணெய் அதிகம். இரண்டு போட்டால் நாக்கு மரத்துப்போய் தேயிலையே தெரியாது.

சாப்பாட்டில் பெரிய பட்டியல் வேண்டாம். காலையில் புட்டும் மட்டிப்பழமும், கடலைக்கறி தனியாக. மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தது, குழந்தைகளுக்கு முதலில் ஊட்டுகிற பழம், மணத்துக்கே ஒருவர் இரண்டு சீப்பு வாங்கிப்போவார். மத்தியானம் கஞ்சியும் சிறுபயறும். இது பத்தியக்காரர்களுக்கு. வர்ம சிகிச்சையில் இருக்கிறவருக்கு வைத்தியர் புளி, காரம், சில சமயம் காப்பியையே விலக்கச் சொல்லியிருப்பார். அவர் கடைக்கு வருவது ஆள் முகம் பார்க்க. அவருக்கு முன்னால் வைக்க ஒரு கஞ்சிக் கிண்ணம் இருக்க வேண்டும்.

கேக் கேட்பார்கள். பழ கேக் ஒன்றே போதும், முட்டையும் பாலும் இல்லாமல். நன்றாகக் கனிந்த பாளையங்கோட்டான் வாழைப்பழம் 300 கிராம் மசித்தது, கோதுமை மாவு 200 கிராம், மேலே சொன்ன கருப்பட்டிப் பாகு 150 மில்லி, தேங்காயெண்ணெய் 80 மில்லி, சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். சோடா வேலை செய்யப் பழத்தின் புளிப்பே போதும். மாவைப் போட்டபின் பத்துச் சுற்றுக்கு மேல் கிண்டினால் ரப்பர் மாதிரி ஆகும். 170 டிகிரியில் 50 - 55 நிமிடம். நடுவில் பள்ளம் விழுந்தால் பாதியில் கதவைத் திறந்திருப்பீர்கள், இல்லையென்றால் பழம் கூடியிருக்கும். ஏத்தன் என்கிற நேந்திரம் பழத்தில் மாவுச்சத்து அதிகம், கேக் வறண்டுவிடும், அதைப் பஜ்ஜிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இரண்டாம் நாளே பூசணம் எட்டிப்பார்க்கும். கேட்கக் கேட்க வெட்டிக் கொடுங்கள், முன்கூட்டியே துண்டு போட்டு வைக்க வேண்டாம்.

என்னென்ன போட்டிருக்கிறது என்று எழுதி ஒட்டுவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நமக்குச் சைவம் என்றால் பாலும் நெய்யும் அடக்கம், முட்டை கிடையாது. வீகன் என்று சொல்கிறவருக்குப் பாலும் தேனும்கூட ஆகாது. இன்னொருவர் முட்டை சாப்பிடுவார், கோதுமை பட்டால் வயிறு ரணமாகிவிடும், சீலியாக் நோய்க்காரர். அவருக்கு இட்லியும் சாம்பாரும் பாதுகாப்பு என்று நாம் நம்பிக் கொடுப்போம். கடையில் விற்கிற கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது சகஜம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதிலேயே எழுதியிருக்கும். அரிசிமாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது, அதற்கு மாறிவிடுங்கள். தெரியாத பொருளைக் கேட்டால் “தெரியலை, பாத்துச் சொல்லுதேன்” என்பதுதான் மரியாதையான பதில். ஒவ்வாமை விஷயத்தில் சும்மா தலையாட்டுவது உயிருக்கே ஆபத்து.

புதிதாக வந்தவருக்கு வயிறு கெடுவதற்குப் பெரும்பாலும் காரமல்ல காரணம். பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்த தேங்காய்ச் சட்னி மூன்று மணி நேரம் வெளியே கிடப்பதுதான். காய்ச்சி ஆறிய தண்ணீரில் அரையுங்கள், சின்னக் கிண்ணமாக அரையுங்கள், மீதியைப் பிரிஜ்ஜில் வையுங்கள். ஐஸும் அதே வடிகட்டிய தண்ணீரில்தான். தண்ணீர் கேன் வெயிலில் நிற்கக் கூடாது.

விலை எல்லாருக்கும் ஒன்றுதான். வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, ஆட்டோக்காரருக்கு ஒரு விலை என்று வைத்த கடையின் பேர் ஒரு வாரத்தில் கெட்டுவிடும். மாதக்கணக்கில் தங்குகிறவர் தமிழில் முதலில் கற்றுக்கொள்வதே விலை கேட்கத்தான். தெருக்காரர்களுக்குச் சாயா வாசலிலேயே நின்று குடிக்கிற மாதிரி இருக்கட்டும். வெளிநாட்டுக்காரர் இந்தக் கடைக்கு வருவது அந்தத் தெருவோடு உட்காரத்தான். அவர்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கிற கடை அவர்களுக்கே அலுத்துவிடும்.

பணம் வாங்குவதில் ஒரு இடைஞ்சல் உண்டு. சுற்றுலா விசாவில் வந்த பலரிடம் இந்திய வங்கிக் கணக்கு இருக்காது, நம்மைப்போல ஜிபேயில் தட்டிவிட முடியாது. ஏடிஎம்மில் எடுத்த ஐந்நூறு ரூபாய் நோட்டோடு வந்து முப்பது ரூபாய்க் காப்பி குடிப்பார்கள். சில்லறைக்கு அலைவதைவிடப் பற்று நோட்டு போடுங்கள். ஐந்நூறை வாங்கி வரவு வைத்து, தினமும் அவர் கண்ணெதிரிலேயே கழியுங்கள்.

அன்பினால் செய்து மாட்டிக்கொள்கிற இரண்டு விஷயங்கள் உண்டு. மாடி அறையை யாருக்காவது தங்கக் கொடுத்தால், பழகினவராக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் அவர் தங்குகிற விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். அடுத்தது, சும்மா இருக்கிறேனே, சாப்பாட்டுக்குப் பதிலாகக் காப்பி போட்டுத் தருகிறேன் என்று அவர்களே கேட்பார்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது. சம்பளம் இல்லை என்று வாதாடிப் பயனில்லை, சிக்கலில் மாட்டுவது அவருடைய விசா. பிரியமாகவே மறுத்துவிடுங்கள்.

மடிக்கணினிக்காரர்கள் எப்போது வருவார்கள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜெர்மனியில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் மத்தியானம் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. கடை ஓய்ந்து கிடக்கிற நேரம் அது, நல்லதாயிற்று. அரைக்கிற இயந்திரத்துக்கு எட்டத்தில் ஒரு மூலையும் இரண்டு பிளக்கும் கொடுங்கள். வைஃபை ரவுட்டர் 10 - 15 வாட்தான் எடுக்கும், இன்வெர்ட்டரில் முதல் இணைப்பு அதற்கே.

கடல்காற்றைத் தினமும் துடைக்க வேண்டும். சாதாரண எவர்சில்வரில்கூடப் பழுப்புப் புள்ளி விழும், கடை சாத்தும்போது நல்ல தண்ணீர் நனைத்த துணியால் ஒரு இழுப்பு, பிறகு காய்ந்த துணி. பிரிஜ்ஜின் பின்பக்கக் கம்பிச்சுருளை மாதம் ஒருமுறை தூசி தட்டி உப்பைத் துடைக்கவில்லை என்றால் இரண்டு வருஷத்தில் ஓட்டை விழும். கயிற்றுநார் மெத்தை ஈரத்தைப் பிடித்து வைக்கும், கழற்றித் துவைக்கிற பருத்தி உறைதான் சரி.

கார்த்திகையில் மாலை போட்டதும் கன்னியாகுமரி ஊருக்குள் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் தை வரைக்கும் நெரியும். தங்குகிறவர்கள் வந்து சேருவதும் அதே மாதங்களில்தான். அதனால் கடையைப் பஸ் நுழையாத சந்தில் பார்த்துப் பிடியுங்கள். பங்குனி வெயிலில் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். வைகாசி பாதியில் இடவப்பாதி மழை தொடங்கும்போது வாசல் சாயாக்காரர்கள்தான் மிச்சம். அப்போது கொட்டை வாங்குவதை வாரத்துக்குக் கால் கிலோவாகக் குறைத்துவிடுங்கள், வறுத்த கொட்டை இந்த ஈரத்தில் பத்து நாளைக்கு மேல் மணம் நிற்காது. பிரெஸ்ஸின் வலையைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, காகிதத்தில் சுற்றி வையுங்கள். பற்று நோட்டில் யாருக்காவது மீதி நின்றால் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள், வருகிற மார்கழியில் வந்து கேட்பார்கள்.